ஹெச் என்று போட்டிருந்தது

எங்கள் பக்கத்தில் தைராய்டு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தைராய்டு இருக்குதாம்" என்றுதான் சொல்வார்கள். சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது என்பதைப் போலவே இதுவும். இருப்பதே நோய். இருந்தால் குறைக்க வேண்டும். இப்படிப் பேசிப் பேசிப் பழகிய வாய் என்னுடையது. பழியை அந்தப் பேச்சின் மேல் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் தப்பைச் செய்தது நான்.

திண்டிவனத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதங்களைப் படிப்பதுதான் என் வேலை. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "இதுல என்னா போட்டிருக்குது, கொஞ்சம் பாரும்மா" என்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பொழுது போய்விடும். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் தெருவில் யாருக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தாலும் அது முதலில் என்னிடம்தான் வரும். எண்ணுக்குப் பக்கத்தில் ஹெச் என்ற எழுத்து இருந்தால் அதிகம். எல் என்று இருந்தால் குறைவு. சுகருக்கு ஹெச் போட்டிருந்தால் இனிப்பைக் குறைக்கச் சொல்வேன். கொழுப்புக்குப் போட்டிருந்தால் வறுவலை. டாக்டரிடம் போவதற்கு முன்பே பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மகள் மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எந்நேரமும் அசதி என்றாள். விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்த்தார், ரத்தம் கொடுக்கச் சொன்னார். மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். என்பதற்கு நேரே இருபத்தொன்று என்றும், அதன் பக்கத்தில் ஹெச் என்றும் இருந்தது.

"தைராய்டு பிரச்சனைதாம்மா. தினமும் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது. எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கேட்பதற்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை என்பதை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அந்த வாரம் வானூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்கு ஏழெட்டு வருஷமாகத் தைராய்டு.

"என்னாடி, பொண்ணுக்கும் வந்துடுச்சா?"

"ஆமா அண்ணி. இருபத்தொண்ணு இருக்குதாம்."

"எனக்கு மொதல்ல முப்பது இருந்துச்சு. அதான் இப்பிடி ஊதிக் கெடக்குறேன். தைராய்டு ஏற ஏற ஒடம்பும் ஏறும். மாத்திரை போட்டா அத்தக் கொறைக்கும். ஒருநாள் தவறாம போட்டுக்கினு இருக்கேன்."

"கொறைஞ்சுதா?"

"தைராய்டு கொறைஞ்சுது. ஒடம்புதான் கொறையல" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

மகளும் மாத்திரை போட்டுக்கொண்டாள். பொங்கல் கழிந்து, இரண்டு மாதக் கணக்கு முடிந்து, திண்டிவனத்திலேயே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கினோம். இந்தத் தடவை பதினொன்று. பக்கத்தில் மறுபடியும் ஹெச். எண் குறைந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் என் கண் அந்த எழுத்திலேயே நின்றது. டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்தால், அவர் இரண்டு வாரம் லீவு என்றார்கள்.

சும்மா இருக்கமாட்டாமல் மாத்திரை பாட்டிலைக் கையில் எடுத்துப் படித்தேன். தைராக்ஸின் என்று முடிகிற நீளமான பெயர். போனில் தேடிப் பார்த்தேன். தைராய்டு சுரப்பி செய்கிற ஹார்மோனையே ஆலையில் செய்து மாத்திரையாக்கியது என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அண்ணி சொன்னது தப்பு. இது தைராய்டைக் குறைக்கிற மாத்திரை இல்லை, கூட்டுகிற மாத்திரை. ரிப்போர்ட்டோ ஏற்கெனவே அதிகம் என்கிறது. சுகர் அதிகம் என்று வந்தவருக்குச் சர்க்கரையையே உருட்டி மாத்திரையாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

எத்தனையோ விண்ணப்பங்களில் தப்பைக் கண்டுபிடித்தவள் நான். அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இதிலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. அதையும் எழுதிவிடத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் மகளிடம், "டாக்டரம்மா போன்ல சொன்னாங்க. இனிமே மாத்திரை வேணாமாம்" என்றேன். நான் நிறுத்தச் சொன்னதாகச் சொன்னால் கேட்கமாட்டாள் என்று அப்படிச் சொன்னேன். அவள் "அப்பாடா" என்று பாட்டிலை என் கையில் கொடுத்தாள். நான் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே இருந்தாள். பார்த்தாயா, தேவையில்லாத மாத்திரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா லீவு முடிந்து வந்திருப்பார் என்று தெரிந்தும் போகவில்லை. நன்றாக இருக்கிற பெண்ணை எதற்கு அழைத்துக்கொண்டு போவது?

பிறகு அது வந்த விதம் ஒரேயடியாக இல்லை. சுவரில் ஈரம் ஏறுவது மாதிரி. மாசியில் அவளுக்குக் குரல் கட்டியது. சளி என்று நினைத்தேன். பங்குனி வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். கல்லூரிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள். முகம் காலையில் எழுந்ததும் உப்பியிருக்கும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கினாள். நான் அவளைத் திட்டினேன்.

"போனப் பாத்துக்கினே கெடந்தா தூக்கம் எப்பிடி வரும்? அதான் பகல்ல தூங்கி வழியுற."

"நான் போனே பாக்கலம்மா."

"அப்ப இது வெறும் சோம்பேறித்தனம்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. வழக்கமாக என்னிடம் ஒன்றுக்கு இரண்டாகப் பேசுகிறவள். அவள் பேசாமல் இருந்ததே ஒரு குறி என்று எனக்குத் தோன்றவில்லை. பெண் கொஞ்சம் அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

சித்திரையில் ஒரு நாள் மதியம் மையத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. கல்லூரி முடிந்து கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் திண்டிவனம் வந்துவிடுவாள். இரண்டு வருஷமாகத் தினமும் வருகிற வழி.

"ம்மா, நான் விழுப்புரத்துல இருக்கேன்."

"விழுப்புரத்துக்கு ஏன் போன?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தக் கட்டைக் குரலில், "தெரியலம்மா. ரோட்டுல எந்தப் பக்கம் நிக்கணும்னு யோசிச்சேன். ஞாபகம் வரல. வந்த பஸ்ல ஏறிட்டேன். தூங்கிட்டேன்" என்றாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மயிலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "நீ ஜல்தி கெளம்பு, நானும் வர்றேன்" என்றார். பஸ்ஸில் விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தேன். இறங்கும்போது பார்த்தால் உள்ளங்கை முழுக்கத் துரு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், அந்த அனல் வெயிலில், எல்லோரும் விசிறிக்கொண்டு நிற்கிற இடத்தில், என் மகள் ஸ்வெட்டரோடு ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அடையாளம் தெரிந்து புன்னகைப்பதற்கே ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் போகவில்லை. கையைத் தொட்டேன். குடத்து நீர் மாதிரி சில்லென்று இருந்தது.

அவளை நேரே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார், முழங்கால் வரை சேற்றோடு. டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். நாடியைப் பிடித்தார். முழங்காலில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது. ஆனால் திரும்பி வருவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.

"மாத்திரை எப்ப நிறுத்தினே?"

"நீங்கதான மேடம் நிறுத்தச் சொன்னீங்க" என்றாள் மகள்.

"நானா?"

"போன்ல சொன்னீங்களாம். அம்மா சொன்னாங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மாதான் முதலில் பார்வையை எடுத்தார். "நீ போய் ரத்தம் குடுத்துட்டு வாம்மா. அப்பாவோட போ" என்று இருவரையும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்மா?"

"ரிப்போர்ட்ல ஹெச்னு போட்டிருந்துச்சு மேடம். ஏற்கெனவே தைராய்டு ஜாஸ்தி இருக்கும்போது அதையே மாத்திரையாவும்..."

"மாத்திரைல என்ன இருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"ஹெச் படிச்சீங்க. மாத்திரை படிச்சீங்க. அந்த ஹெச் எதுக்கு நேரா இருந்துச்சுன்னு மட்டும் படிக்கல." அவர் சத்தம் போடவில்லை. "சரி, ஒண்ணு கேக்கறேன். காலைல உங்க பொண்ண எத்தனை தடவ கூப்பிட்டு எழுப்புவீங்க?"

"இப்பல்லாம் ஏழெட்டுத் தடவை."

"ஏன் அத்தனை தடவை?"

"எழுந்திரிக்க மாட்டேங்குறா."

"எழுந்துட்டா?"

"எழுந்துட்டா ஏன் கூப்பிடப்போறேன்?"

"பக்கத்து வீட்டுக்காரங்க நீங்க கூப்பிடுறத எண்ணி, எட்டுன்னு எழுதி, பக்கத்துல ஹெச்னு போட்டாங்கன்னு வெச்சுக்கங்க. அதுக்கு உங்க பொண்ணு ரொம்ப எழுந்துட்டாள்னா அர்த்தம்?"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார்.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு செய்கிற பொருளே இல்லை. மூளைக்கு அடியில், மூக்குத் தண்டுக்குப் பின்னால், ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவில் தொங்கிக்கொண்டிருக்கிற பிட்யூட்டரி என்ற சுரப்பி செய்வது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது கழுத்தைப் பார்த்துக் கூப்பிடும். எழுந்திரு, வேலை செய். பதில் வரவில்லை என்றால் இன்னும் சத்தமாக. போதுமான ஹார்மோன் வந்துவிட்டால் அதுவே பிட்யூட்டரியின் வாயை அடைத்துவிடும். பரிசோதனைக்கூடம் எண்ணிச் சொன்னது இந்தக் கூப்பாட்டைத்தான். ஹெச் என்றால் சரக்கு அதிகம் என்று இல்லை. சரக்கு போதவில்லை, கூப்பாடு அதிகம்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். கழுத்தின் முன்னால், குரல்வளைக்குக் கீழே, சிறகை விரித்து உட்கார்ந்த பட்டாம்பூச்சி மாதிரி ஒன்று. அதற்குள் நிறைய வட்டங்கள். "என் பொண்ணுக்குத் தைராய்டு இருக்குது மேடம், அது தெரியும். ஆனா" என்று நான் ஆரம்பித்தபோது அவர் பேனாவை நிறுத்தினார்.

"தைராய்டு எல்லாருக்கும்தாம்மா இருக்கு. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. உங்க பொண்ணோடதைத்தான் அவ உடம்போட காவல்காரங்களே வெளியாள்னு நெனச்சு அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அதான் அதால செய்ய முடியல."

அன்றைய ரத்தத்தில் எண் எழுபத்தெட்டு.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. வீட்டுக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்.

"தப்பாப் புரிஞ்சுக்கின. சரி. டாக்டர் சொன்னாங்கன்னு ஏம்மா சொன்ன?"

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பாட்டிலையும், புதிதாக வாங்கிய பாட்டிலையும் எடுத்துத் தன் கல்லூரிப் பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்கவில்லை. போட்டாயா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை. அந்த ஆறு வாரம் நான் படித்தேன். முதலில் பயத்தில் படித்தேன். எதை எதையெல்லாம் கெடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொள்ள. ஆனால் படிக்கப் படிக்கப் பயத்துக்குள்ளிருந்து வேறொன்று வந்தது. கழுத்தில் இப்படி ஒரு பட்டறை நடந்துகொண்டிருக்கிறது, நாற்பத்தாறு வருஷம் எனக்குத் தெரியாதே என்கிற ஆச்சரியம். கல்லூரி பயாலஜி புத்தகங்கள், மருத்துவ மாணவர்களுக்கான பாட வீடியோக்கள், எதையும் விடவில்லை. மையத்தில் சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும்போதெல்லாம் போனை எடுத்துவிடுவேன்.

உப்பில் இருக்கிற அயோடின்தான் மூலப்பொருள். உடம்பில் அது கொஞ்சம்தான். தைராய்டு செல்கள் ஓடுகிற ரத்தத்திலிருந்து அதைத் தேடித் தேடி உள்ளே இழுக்கின்றன. வெளியே இருப்பதைவிட உள்ளே பல மடங்கு சேர்ந்த பிறகும் விடாமல் இழுக்கின்றன. டாக்டரம்மா போட்ட அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய உருண்டை. சுற்றிலும் செல்கள் சுவர் கட்டி நிற்க, நடுவே பாகு போல ஒரு பொருள். அந்தப் பாகு ஒரு பெரிய புரதம். அதில் டைரோசின் என்ற துண்டுகள் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் செல்கள் ஒன்றோ இரண்டோ அயோடினை ஒட்டுகின்றன. பிறகு பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. நாலு அயோடின் சேர்ந்தால் டி-4. மூன்று சேர்ந்தால் டி-3. இவ்வளவுதான் ஹார்மோன்.

என்னை நிறுத்திவைத்தது அடுத்த விஷயம். செய்ததைச் சுரப்பி உடனே வெளியே விடுவதில்லை. அந்தப் பாகுக்குள்ளேயே, புரதத்தோடு ஒட்டிய நிலையிலேயே, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் இருப்பு வைக்கிறது. மற்ற சுரப்பிகள் இவ்வளவு சேர்த்து வைப்பதில்லையாம். அயோடின் என்றைக்குக் கிடைக்கும், என்றைக்குக் கிடைக்காது என்று தெரியாத உயிரினம் கண்டுபிடித்த வழி என்று ஓர் ஆசிரியர் வீடியோவில் சொன்னார். பிட்யூட்டரியின் குரல் வந்தால் செல் அந்தப் பாகில் ஒரு வாய் எடுத்து விழுங்கி, உள்ளே வைத்து நறுக்கி, ஹார்மோனை மட்டும் ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்திலும் அது தனியாகப் போவதில்லை. ஏறத்தாழ முழுவதும் வேறு புரதங்களின் முதுகில் ஏறிக்கொண்டு போகிறது. அதனால் டி-4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்.

அந்த வரியைப் படித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன். மாத்திரையை நிறுத்திய முதல் இரண்டு வாரம் அவள் நன்றாக இருந்தது ரத்தத்தில் மிச்சமிருந்த அந்த மாத்திரையின் தயவில். நான் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். காலையில் பாலோடு மாத்திரை கொடுத்ததும் தப்பு என்று இன்னோர் இடத்தில் இருந்தது. பாலில் உள்ள கால்சியம் மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். வெறும் வயிறு என்றால் பால் கணக்கில்லை என்று நான் எப்படி நினைத்தேன்?

ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளும் இருந்தாள். அந்த நாட்களில் அவள் என்னிடம் நேராகப் பேசுவது குறைவு. ஆனால் நான் தைராய்டைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசினால் எழுந்து போகமாட்டாள்.

"செய்யுறது பூரா டி-4. ஆனா ஒடம்புல வேல பாக்குறது டி-3. அப்ப ஏன் நேரா டி-3யே செய்யக்கூடாது? போற எடத்துல, ஈரல்லயோ எங்கயோ, ஒரு அயோடினப் பிச்சுப்போட்டு டி-3 ஆக்கிக்கினு வேல பாக்குதாம். எதுக்கு இந்தச் சுத்து?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம மல்லாட்டைய மூட்டை கட்டும்போது உரிச்சா கட்டுறோம்?" என்றார்.

"இல்ல."

"உரிச்சு வெச்சா நாலு நாள்ல பூச்சி அடிச்சிடும். தோலோட இருந்தாதான் தாங்கும். திங்குற எடத்துல, திங்குற நேரத்துக்கு உரிச்சுக்கணும். அதான்."

மகள் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா கரெக்டாத்தான் சொல்றாரு. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ உரிச்சுக்கும்" என்றாள். அவளும் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குரல் கொஞ்சம் தெளிந்திருந்ததும்.

அண்ணி வந்தபோது அவரிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"இன்னாடி சொல்ற? அப்ப இத்தினி வருசமா நான் தைராய்டக் கொறைக்கல, ஏத்திக்கினா இருந்தேன்?"

"ஆமா அண்ணி. ஒங்களுக்குக் கம்மியா இருந்துச்சு. மாத்திரை அத்த ஈடு கட்டுது."

"கம்மியா இருந்ததுக்கா டாக்டர் ஜாஸ்தின்னாரு?"

"டாக்டர் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டாரு. ரிப்போர்ட்ல ஹெச் போட்டிருக்கும்."

"பேஜாரா இருக்குதே ஒன்னோட" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "எப்பிடியோ, நான் ஒண்ணும் புரியாம போட்டேன், நல்லா இருக்கேன். நீ புரிஞ்சுக்கினு நிறுத்தின" என்றார்.

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

மையத்தில் ஒரு பெரியவரின் ஆதார் எண்ணுக்கு ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பு என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஆறாவது தடவையில் என் விரல் நின்றுவிட்டது. வராததால்தான் அழுத்துகிறேன். வந்துவிட்டால் விரல் தானாக நின்றுவிடும். என் விரலை எண்ணுகிற ஒருவர் இருந்தால் ஓடிபி ஏராளமாக வருகிறது என்றா எழுதுவார்? தினமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெரியவர், "என்னாம்மா, நின்னுட்ட?" என்றார். ஒன்றும் இல்லை ஐயா என்று மறுபடி அழுத்தினேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அது பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி தைராய்டுக்குச் சொல்கிறது. கடைசியில் செய்த ஹார்மோன் ரத்தத்தில் ஏறி மேலே போய் இரண்டு பேரையும் போதும் என்று நிறுத்துகிறது. கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக மேலே போகிற விண்ணப்பங்களை அனுப்புகிறவள் நான். இங்கே உத்தரவு கீழே வருகிறது, பதில் மேலே போகிறது, பதில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு இது பிடித்திருந்தது. மகளின் கழுத்தில் பட்டறை இடிந்துபோயிருக்க, அது எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டது என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அந்த வியப்பில் எனக்கு வெட்கமும் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் அவள் தனியாகவே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். நான் வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். மறுநாள் முற்பகல் ரிப்போர்ட் அவள் போனுக்கு வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். அவள் வாசற்படியில் வந்து நின்று, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஒன்பது. பக்கத்தில் ஹெச்.

"இன்னும் ஹெச்தான். என்னா, நிறுத்திடலாமா?"

சிரித்துக்கொண்டே கேட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. அவள் சிரிக்கவில்லை. என் கை முழுக்கக் கேப்பை மாவு. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எழுபத்தெட்டுலேர்ந்து ஒம்பதுக்கு வந்திருக்குது" என்றேன். "கூப்பிடுற சத்தம் கொறைஞ்சிருக்குது. இன்னும் நிக்கல. அப்ப மாத்திரை இன்னும் கொஞ்சம் போதலன்னு நெனைக்கிறேன்." பிறகு, "இது நான் நெனைக்கிறது. எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

"கேளு. நான் இருக்கும்போது கேளு. ஸ்பீக்கர்ல போடு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து ரிப்போர்ட்டை டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். போனை இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தேன்.

"நல்லா எறங்கியிருக்கு. நல்ல விஷயம். டோஸ் கொஞ்சம் ஏத்தணும். எழுபத்தஞ்சு மைக்ரோகிராம் மாத்திரைக்குப் பதிலா நூறு. திரும்ப ஆறு வாரம்."

மகள் தன் நோட்டில் நூறு என்று எழுதி, கீழே கோடு போட்டாள். அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மேடம், ஒரு டவுட். என் தைராய்டு திரும்ப தானா செய்ய ஆரம்பிக்குமா?"

"பெரும்பாலும் இல்லம்மா. அடிபட்ட எடம் திரும்ப வளர்றது கஷ்டம்."

"அப்ப வாழ்நாள் பூராவும் மாத்திரையா?"

"அப்படித்தான் வெச்சுக்கணும். தவறாம போட்டா மத்தவங்க மாதிரி எல்லாமே பண்ணலாம். படிக்கலாம், வேலைக்குப் போலாம், கல்யாணம், கொழந்தை, எல்லாம். ஆனா போடணும். கர்ப்பமா இருந்தா இன்னும் கவனமா போடணும்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் புகுந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று ஏதாவது சொல்வேன். வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு என்ற எழுத்தின் மேல் பேனா மறுபடி மறுபடி போய்வந்து, அது தடித்துக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் எனக்கு எதுவும் படிக்கத் தெரியவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றார் டாக்டரம்மா.

நான் மகளைப் பார்த்தேன்.

"இருக்கோம் மேடம்" என்றாள்.